சின்ன வாடகை வீட்டில் கிடார்: எதை வெளியே வைப்பது, எதைக் கட்டி வைப்பது?

கேள்வி: நாங்கள் இருந்த பழைய அடுக்குமாடிக் குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். இரண்டு வருடம் ஆகும் என்று பில்டர் சொல்கிறார். அதுவரை ஆதம்பாக்கத்தில் முதல் மாடியில் ஒரு பெட்ரூம் போர்ஷனில் இருக்கிறோம். கீழே ஹவுஸ் ஓனரும் அவர் மனைவியும், வயதானவர்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, சத்தம் வரக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நான் வங்கியில் வேலை பார்க்கிறேன், கல்லூரி நாளிலிருந்து கிடார் வாசிக்கிறேன். ஒரு ஸ்க்வையர் ஸ்ட்ராட் எலெக்ட்ரிக் கிடார், ஒரு ஸாலிட் டாப் (முன்பலகை முழு மரத்தாலான) அகூஸ்டிக், ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸ் ஆம்ப் (ஒலிபெருக்கி), தொனியை மாற்றும் ஆறு பெடல் உள்ள ஒரு போர்டு இருக்கின்றன. குடிவந்து ஐந்து மாதத்தில் நான்கைந்து தடவைதான் வாசித்திருப்பேன். மகளுக்கு மூன்று வயது, ஒன்பது மணிக்குத் தூங்குவாள். ஆம்பை விற்றுவிடலாமா சார்? இருபதாயிரம் ரூபாய்க்குள் என்ன வாங்கலாம்? சுவரில் ஃபோம் ஒட்டினால் சத்தம் அடங்குமா? அகூஸ்டிக்கை மதுரையில் அம்மா வீட்டில் விட்டு வைக்கலாமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகி, சென்னை)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ஐந்து மாதத்தில் நான்கைந்து தடவை என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற எல்லாக் கேள்விகளையும்விட எனக்கு இதுதான் கவலையாக இருக்கிறது. கல்லூரி நாளிலிருந்து விடாமல் வாசித்த ஒருவர், வீடு மாறியதும் நிறுத்திவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டால் "இடமில்லை சார், புது வீட்டுக்குப் போனதும் ஆரம்பிக்கணும்" என்பார்கள். பில்டர் சொன்ன இரண்டு வருடம் மூன்றாக நீள்வது சென்னையில் புதிதில்லை. அதற்குள் விரல் நுனியின் தழும்பு மறைந்துவிடும், தெரிந்த பாட்டெல்லாம் பாதி மறந்துவிடும்.

உங்கள் நிலைமையை யோசித்துப் பார்த்தேன். குழந்தை தூங்கியபின், வீட்டு வேலை முடிந்தபின், உங்களுக்குக் கிடைப்பது அரை மணி நேரம் இருக்கலாம். அதில் கட்டிலடியிலிருந்து பெட்டியை இழுக்கணும், ஏறக்குறைய இருபது கிலோ ஆம்பை நகர்த்தணும், பெடல் போர்டை விரித்து ஒவ்வொரு வயராகச் சொருகணும், ப்ளக் பாயிண்ட் தேடணும். பத்து நிமிடம் போய்விடும். அப்புறம் எடுத்து வைக்க இன்னொரு பத்து நிமிடம். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று யாருக்குத்தான் தோன்றாது? ஆகவே நான் கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்தான்: வாசிக்க வேண்டும் என்று தோன்றிய அரை நிமிடத்தில் உங்கள் கை கம்பியில் இருக்க வேண்டும். அதற்கு உதவாத எதையும், எவ்வளவு நல்ல சாமானாக இருந்தாலும், இந்த இரண்டு வருடத்துக்குக் கட்டி வைத்துவிடுங்கள்.

முதலில் ஃபோம் கேள்வியை முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் பணம் வீணாகும். சுவரில் ஒட்டும் ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். ரெக்கார்டிங் செய்பவர்களுக்கு அது வேண்டும். அறையிலிருந்து வெளியே போகும் சத்தத்தை அது தடுக்காது. சத்தத்தைத் தடுப்பது கனமும் இடைவெளி இல்லாத அடைப்பும்தான். அதாவது தடிமனான சுவர், இறுக்கமாக மூடும் கதவு, ஜன்னல். வாடகை வீட்டில் அதை மாற்ற முடியாது. முட்டை அட்டை ஒட்டுவதும் அப்படித்தான், பயனில்லை, தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. பசையைப் பிய்க்கும்போது சுண்ணாம்பும் சேர்ந்து வரும், அட்வான்ஸில் கழிப்பார்கள். வேண்டாம்.

கீழ் வீட்டுக்குப் போகும் சத்தத்தில் பெரும்பங்கு காற்று வழியாகப் போவதில்லை, தரை வழியாகப் போகிறது. ஆம்பைத் தரையில் வைத்தால் அதன் அதிர்வு நேரே தளத்தில் இறங்கி, கீழே கூரையாக இருக்கும் அதே கான்கிரீட் வழியாகக் கேட்கும். அதுவும் அடித்தொனி மட்டும், பாட்டு புரியாமல் "தும் தும்" என்று. அதுதான் வயதானவர்களைப் படுத்தும். எனவே எந்த ஆம்ப் வாங்கினாலும் தரையில் வைக்காதீர்கள். ஸ்டூல் மேல் வையுங்கள், ஸ்டூலுக்கும் ஆம்புக்கும் நடுவில் பழைய யோகா மேட்டை இரண்டு மூன்றாக மடித்துப் போடுங்கள். இன்னொன்று பலர் கவனிப்பதே இல்லை: தாளத்துக்குக் காலைத் தட்டுவது. ஹெட்போனில் வாசிக்கும் உங்களுக்கு அது தெரியாது, கீழே இருப்பவருக்கு அது மட்டும்தான் தெரியும். காலடியில் தடித்த மிதியடி போடுங்கள், நாற்காலிக் காலுக்கு ரப்பர் புஷ் மாட்டுங்கள். இரவு பத்து மணிக்கு டைல்ஸில் நாற்காலி இழுபடும் சத்தம் கிடார் சத்தத்தைவிட மோசம்.

சரி, ஆம்புக்கு வருவோம். ஹாட் ராட் டீலக்ஸ் நாற்பது வாட் வால்வ் (கண்ணாடிக் குழாய்) ஆம்ப், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். மேடைக்காகச் செய்தது. அதன் வால்யூம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள்ளேயே குதித்து ஏறிவிடும் என்பது வைத்திருக்கும் உங்களுக்கே தெரியும். வாட் குறைந்தால் சத்தம் அதே அளவில் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். காது அப்படி வேலை செய்வதில்லை. சக்தி பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால்தான் காதுக்குச் சத்தம் பாதியானதாகத் தோன்றும். நாற்பதை நான்கு வாட்டாக்கினாலும் பாதிச் சத்தம் மிச்சமிருக்கும். இதனால்தான் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டிச் சக்தியைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் வாங்கும் யோசனையை நான் ஆதரிக்கவில்லை. நல்லது வாங்கினால் விலை அதிகம், இருபது கிலோ பெட்டி அறையில் அப்படியே இருக்கும், அரை நிமிடத்தில் வாசிக்கவும் முடியாது.

விற்க வேண்டுமா? உலர்ந்த இடத்தில் வைக்க உறவினர் வீடோ நண்பர் வீடோ இருந்தால் விற்காதீர்கள். விற்றால் கிடைக்கும் விலைக்கு இதே தரத்தில் இன்னொன்றைப் பின்னால் வாங்க முடியாது. வைக்கும்போது சில விஷயங்கள்: வாசித்த சூட்டோடு வண்டியில் ஏற்றாதீர்கள், வால்வ் முழுதாக ஆறட்டும். தரையை ஒட்டியும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம். பின்பக்கம் திறந்த ஆம்ப் என்பதால் எலியும் பல்லியும் சுலபமாக உள்ளே போகும். ரிப்பேருக்கு வரும் ஆம்ப்களில் எலி கடித்த வயர் எனக்கு வாடிக்கையான காட்சி. கெட்டியான துணி உறை போட்டு அடியில் இறுக்கிக் கட்டிவிடுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போகும்போது அரை மணி நேரம் ஓட விடுங்கள், கெப்பாசிட்டருக்கு நல்லது. அப்படி ஓர் இடம் கிடைக்கவே இல்லை, மொட்டைமாடி ஷெட்டோ பரணோதான் என்றால், தயங்காமல் விற்றுவிடுங்கள். இரண்டு மழைக்காலம் ஈரத்தில் கிடந்தால் அதன் பிறகு விற்கவும் முடியாது.

பெடல் போர்டையும் மூட்டை கட்டலாம். ஒவ்வொரு பெடலிலும் ஒன்பது வோல்ட் பேட்டரி இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். கசிந்து உள்ளே அரித்துவிட்டால் சரிசெய்வது கஷ்டம். உங்களுக்கு உயிரான ஓவர்டிரைவ் (தொனியைக் கரகரப்பாக்கும் பெடல்) ஒன்று இருக்குமே, அதை மட்டும் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் இரண்டு மாதம் அதுகூட இல்லாமல் பழகிப் பாருங்கள் என்பதுதான் என் ஆசை.

இப்போது என்ன வாங்குவது. உங்கள் வீட்டுக்கு மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, கிடார் ஜாக்கிலேயே சொருகும் ஹெட்போன் ஆம்ப். வாக்ஸ் ஆம்ப்ளக் இதில் பழையது, எளியது, விலை குறைவு. ஃபெண்டர் மஸ்டாங் மைக்ரோ, நக்ஸ் மைட்டி ப்ளக், பாஸ் கட்டானா கோ போன்றவை அடுத்த படி. பல ஆம்ப்களின் தொனி உள்ளேயே இருக்கும், போனிலிருந்து பாட்டு ஓடவிட்டு அதோடு வாசிக்கலாம். சட்டைப் பையில் அடங்கும். பேயிங் கெஸ்ட்டிலோ மேன்ஷனிலோ தனியாக இருக்கும் இளைஞர் கேட்டிருந்தால் இதைச் சொல்லி முடித்திருப்பேன்.

இரண்டு, கம்ப்யூட்டர் வழி. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ மாதிரி, கிடாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், அதோடு ஆம்ப் மென்பொருள். நியூரல் ஆம்ப் மாடலர் இலவசம், அதன் தொனி வியக்க வைக்கும். ரெக்கார்ட் செய்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் வங்கி கொடுத்த லேப்டாப்பில் எதையும் இன்ஸ்டால் செய்ய விட மாட்டார்கள். சொந்த லேப்டாப் இருந்தாலும் அதைத் திறந்து, அப்டேட் முடியக் காத்திருந்து, டிரைவரைச் சரிபார்த்து, நடுவில் மெயில் ஒன்றைப் பார்த்து... அரை மணி நேரம் போனது தெரியாது. நாள் முழுக்கத் திரையைப் பார்த்தவர் இரவில் இன்னொரு திரை முன்னால் உட்கார வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மூன்று, மேஜை மேல் வைக்கும் சின்ன ஆம்ப், பேட்டரியில் ஓடுவது, ஹெட்போன் ஜாக் உள்ளது. உங்களுக்கு நான் சொல்வது இதுதான். காரணம் உங்கள் மகள். மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில், வீட்டில் வேறு யாரும் விழித்திராதபோது அம்மாவின் இரண்டு காதும் மூடியிருப்பது சரிப்படாது. அவள் எழுந்து கூப்பிட்டால் கேட்க வேண்டும். சனி, ஞாயிறு மாலையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவும் வேண்டும். அம்மா ஹெட்போன் மாட்டிக்கொண்டு சத்தமே வராத ஒரு பலகையைத் தடவுவதைப் பார்த்து வளரும் குழந்தைக்கு அது என்ன என்றே புரியாது. சின்ன ஸ்பீக்கரில் பேச்சுக்குரல் அளவில் வாசித்தால் அவள் ஆடுவாள், பாடுவாள். நீங்கள் கிடாரைக் கீழே வைக்காமல் இருக்க இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இந்த வகையில் பாஸ் கட்டானா மினி ஏழு வாட், நான்கு அங்குல ஸ்பீக்கர், ஆறு ஏஏ பேட்டரியில் ஓடும். மூன்று தொனிதான், குமிழைத் திருப்பினால் போதும், ஆப் எதுவும் வேண்டாம். பாஸிட்டிவ் கிரிட் ஸ்பார்க் கோ ஐந்து வாட், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, சார்ஜ் செய்துகொள்ளலாம், யுஎஸ்பி வழியாக ரெக்கார்டிங்கும் செய்யலாம். ஆனால் அதன் முழுப் பலனும் போன் ஆப்பில்தான் இருக்கிறது. போனைத் தொட்டால் வாட்ஸ்அப்புக்குப் போய்விடுபவர் என்றால் கட்டானா மினி. புது வீட்டுக்குப் போனபின் ரெக்கார்ட் செய்யும் எண்ணம் இருந்தால் ஸ்பார்க் கோ. யமஹாவின் டிஹெச்ஆர் வரிசை 2011-இல் வந்தபோதே இந்த மாதிரி ஆம்ப்களுக்கு வழி திறந்தது, இன்றும் குறைந்த சத்தத்தில் அதன் தொனிக்கு நான் ரசிகன். ஆனால் டிஹெச்ஆர் பத்து உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும். கையில் பணம் இருக்கும்போது வாங்கலாம், இப்போது கடன் வாங்கி வேண்டாம்.

வாங்குமுன் கடையில் நேரில் கேளுங்கள். அண்ணா சாலையில் 1842-இலிருந்து இசைக்கருவி விற்கும் மியூஸி மியூசிக்கல் மாதிரிக் கடைகளில் உட்கார்ந்து வாசித்துப் பார்க்க முடியும். உங்கள் ஸ்ட்ராட்டையே தோளில் மாட்டிக்கொண்டு போங்கள். வால்யூமை ஏற்றிக் காட்டுவார்கள், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். நீங்கள் வீட்டில் வாசிக்கப்போகும் அளவுக்கு, பக்கத்தில் நின்று பேசினால் கேட்கும் அளவுக்கு இறக்கச் சொல்லி அதில் எது நன்றாக ஒலிக்கிறது என்று பாருங்கள். அந்த அளவில் கேட்கும்போது ஒன்றுக்கொன்று வித்தியாசம் பெரிதாக இருக்கும்.

மீதிப் பணத்தில் ஹெட்போன். இதில் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: வயர் உள்ளது. வீட்டில் இருக்கும் புளூடூத் ஹெட்போனை வைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். புளூடூத்தில் ஒலி வர நூறு, இருநூறு மில்லி செகண்ட் தாமதமாகும். பாட்டுக் கேட்கும்போது தெரியாது. வாசிக்கும்போது நீங்கள் கம்பியைத் தட்டி முடித்தபிறகு சத்தம் வரும், தாளம் குலைந்துவிடும். ஒப்பிட்டுச் சொன்னால், பத்து மில்லி செகண்ட் என்பது ஆம்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம், யாருக்கும் உறுத்தாது. இருநூறு என்றால் அறுபத்தெட்டு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். ஆம்புக்குப் போனிலிருந்து புளூடூத்தில் பாட்டு அனுப்புவது வேறு, அதில் பிரச்சினை இல்லை. பாட்டு எப்போது வந்தாலும் நீங்கள் அதோடு சேர்ந்துகொள்கிறீர்கள்.

காதை முழுதாக மூடும், பின்பக்கம் அடைத்த வகை வாங்குங்கள். திறந்த வகை ஒலிக்க இனிமையாக இருந்தாலும் பக்கத்தில் தூங்குபவருக்குக் கேட்கும். ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸ் போன்ற ஒன்று போதும். இருநூற்றைம்பது ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்டூடியோ ஹெட்போன் வேண்டாம், இந்தச் சின்ன ஆம்ப்களில் அது முனகும். எண்பது ஓமுக்குள் இருக்கட்டும். ஆம்பின் ஜாக் சிறியதா பெரியதா என்று பார்த்து அதற்கேற்ற அடாப்டரையும் அன்றே வாங்கிவிடுங்கள். இரவில் உட்காரும்போது அது இல்லை என்றால் அன்றைக்கு வாசிப்பு இல்லை. குழந்தை தூங்கியபின், கணவர் விழித்திருக்கும்போது இரண்டு காதையும் மூடலாம். தனியாக இருந்தால் ஒரு காதைத் திறந்து வையுங்கள், ஆனால் அதை ஈடுகட்ட வால்யூமை ஏற்றாதீர்கள். எண்பத்தைந்து டெசிபலில் எட்டு மணி நேரம் வரை என்பது வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் நயோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு சொல்லும் வரம்பு. அதற்குமேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். ஹெட்போனில் கிடார் வாசிப்பவர்கள் உற்சாகத்தில் இதைச் சுலபமாகத் தாண்டுகிறார்கள். என்னிடம் வரும் மாணவர்களில் காதில் ரீங்காரம் கேட்கிறது என்று சொல்லும் இருபது வயதுப் பையன்கள் இருக்கிறார்கள். இது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் போன கேள்திறன் திரும்பாது.

தொனி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வாங்கிய முதல் வாரமே "பழைய ஆம்ப் மாதிரி இல்லையே" என்று வாடுவீர்கள் என்பதால் சொல்கிறேன். சத்தம் குறையும்போது மனிதக் காதுக்கு அடித்தொனியும் மிக உச்சத் தொனியும் நடுத்தொனியைவிட அதிகமாக மங்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து காட்டினார்கள். எனவே குறைந்த சத்தத்தில் பேஸைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், ஸ்டூல் மேல் இருப்பதால் கீழ் வீட்டுக்கு அது அதிகம் போகாது. கெயினை (தொனியின் கரகரப்பைக் கூட்டும் குமிழ்) கூட்டாதீர்கள், குறையுங்கள். மெதுவான சத்தத்தில் தொனி ஒல்லியாகத் தெரிவதால் எல்லோரும் கெயினை ஏற்றுகிறார்கள், உடனே எல்லா அடியும் ஒரே மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும், விரலின் அழுத்த வித்தியாசமே கேட்காது. ஹெட்போனுக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று என இரண்டு செட்டிங்கைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வீட்டில் ஸ்ட்ராட்டுக்கு இன்னொரு தொல்லை, இரைச்சல். அதன் சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பகுதி) சுற்றியுள்ள மின்கருவிகளின் இரைச்சலையெல்லாம் பிடிக்கும். பெரிய வீட்டில் அவை தள்ளி இருந்தன, இப்போது ஃப்ரிட்ஜ், இண்டக்ஷன் அடுப்பு, போன் சார்ஜர் எல்லாம் கையெட்டும் தூரத்தில். உட்கார்ந்த இடத்திலேயே கிடாரோடு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், ஏதோ ஒரு திசையில் இரைச்சல் சட்டென்று அடங்கும். நாற்காலியை அந்தப் பக்கம் போடுங்கள். ஃபேன் ரெகுலேட்டர் குமிழ் வகையாக இருந்தால் ஃபேனை முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள். இரைச்சல் குறைந்தால் ரெகுலேட்டர்தான் காரணம்.

கம்பியைத் தொட்டால் சுரீரென்று உறைத்தால் மட்டும் அதை இரைச்சல் என்று விட்டுவிடாதீர்கள். பழைய போர்ஷன்களில் மூன்று ஓட்டை ப்ளக் பாயிண்ட் இருக்கும், எர்த் வயர் இருக்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள், அதற்குமுன் கரண்டில் ஓடும் எந்த ஆம்பையும் மாட்ட வேண்டாம். மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டுச் சொருகும் வழக்கம் உயிருக்கு ஆபத்து. பேட்டரி ஆம்பை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். பேட்டரியில் ஓடும்போது அந்தப் பயம் இல்லை, கரண்ட் போனாலும் வாசிக்கலாம்.

இனி இடம். இரண்டடிக்கு இரண்டடி ஒரு மூலை போதும். ஸ்டூல், அதன்மேல் ஆம்ப், ஆம்பில் எப்போதும் சொருகியே இருக்கும் மூன்று மீட்டர் கேபிள், பக்கத்தில் ஸ்டாண்டில் கிடார். கேபிளின் கிடார் பக்க முனையை மட்டும் கழற்றி வைத்தால் போதும். மடிக்கும் ஏ வடிவ ஸ்டாண்ட் வாங்கலாம், ஆனால் மூன்று வயதுக் குழந்தை இருப்பதால் கிடாரின் கழுத்தைக் கட்டில் காலோடு ஒரு நாடாவால் தளர்வாகக் கட்டிவிடுங்கள், இழுத்தாலும் அவள் மேல் சாயாது. ஆணி அடிக்கவும் தேவையில்லை. பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு), கம்பி வெட்டிய துண்டு இரண்டையும் அவள் கையில் கிடைக்காத டப்பாவில் போடுங்கள். பிக் தொண்டைக்குப் போகும் அளவுதான். ட்யூனரைத் திருகி விளையாடுவாள், அதற்கு வழியில்லை. திரும்ப ட்யூன் செய்ய உங்களுக்குத் தெரியும், திட்டாதீர்கள்.

காலையில் ஆம்ப் போட நேரமில்லை என்றால் எலெக்ட்ரிக்கை அப்படியே எடுத்துப் பத்து நிமிடம் வாசிக்கலாம். ஆனால் அதையே பழக்கமாக்க வேண்டாம். சத்தம் போதாமல் வலது கை தானாகவே ஓங்கி அடிக்கத் தொடங்கும். வாசிக்காத கம்பிகள் அதிர்வதும் காதில் விழாது, அவற்றை உள்ளங்கையால் அடக்கும் பழக்கம் போய்விடும். பிறகு ஆம்பில் மாட்டும்போது ஒரே சலசலப்பாக இருக்கும்.

அகூஸ்டிக்கை மதுரைக்கு அனுப்பாதீர்கள். கம்பிகள் ஆறும் சேர்ந்து எழுபது கிலோ அளவுக்கு அதை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. மதுரை கோடையில் பூட்டிய அறைக்குள் கிடந்தால் சூட்டில் பசை இளகி பிரிட்ஜ் (கம்பிகள் உடலில் பூட்டப்படும் கட்டை) தூக்கிக்கொள்ளலாம், பார்க்க ஆள் இருக்காது. உங்களிடமே கெட்டிப் பெட்டியில், கட்டிலடியில் இருக்கட்டும், ஆனால் தரையைத் தொடாமல் இரண்டு மரக்கட்டை மேல். சென்னையில் நம் பிரச்சினை ஈரம். ஸாலிட் டாப் கிடாருக்கு ஐம்பது சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம் நல்லது. இங்கே வடகிழக்கு மழைக்காலத்தில் அது எண்பதைச் சாதாரணமாகத் தாண்டும். பெட்டிக்குள் ஒரு சின்ன ஈரமானியும் சிலிக்கா ஜெல் பைகளும் போடுங்கள். ஜெல்லை அவ்வப்போது புதிதாக மாற்றிவிடுங்கள். எண் நாற்பதுக்குக் கீழே இறங்கினால் சில பைகளை எடுத்துவிடுங்கள், அதிகம் காய்ந்தால் மரம் வெடிக்கும். பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு மாதிரி உப்பியிருந்தாலோ கம்பி முன்பைவிட உயரமாகத் தெரிந்தாலோ நீங்களாக டிரஸ் ராடை (கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டு) திருகாமல் ஒரு ரிப்பேர்காரரிடம் காட்டுங்கள்.

அதை வாசிக்கவே கூடாது என்றும் இல்லை. அகூஸ்டிக்கில் வால்யூம் குமிழ் கிடையாது என்பதால் பகலில், பிக் இல்லாமல் கட்டைவிரல் சதையால் வாசியுங்கள். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் மடித்த துணியைச் செருகினால் சத்தம் நன்றாகக் குறையும். ஒலி நீடிக்காது, ஆனால் வலது கை விரல் வரிசையைப் பழக அது போதும். துளையை மூடும் ரப்பர் மூடி கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

சின்ன கிடார் வாங்கும் ஆசை வந்தால் தள்ளிப் போடுங்கள். ஸ்ட்ராட்டின் கம்பி நீளம் இருபத்தைந்தரை அங்குலம், மினி ஸ்ட்ராட்டில் இருபத்திரண்டே முக்கால். ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டைகள்) நெருங்கிவிடும், கம்பி தொய்வாக இருக்கும், இத்தனை வருடம் பழகிய விரல் குழம்பும். நீங்கள் மிச்சம் பிடிக்கப்போகும் இடம் முக்கால் அடிகூட இல்லை.

ஹவுஸ் ஓனரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், புகார் வருவதற்கு முன்னால். ஆம்ப் வாங்கிய முதல் மாலையே உங்கள் கணவரை மேலே ஆறு கம்பியையும் சும்மா தட்டச் சொல்லிவிட்டு நீங்கள் கீழே அந்த மாமி பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எவ்வளவு வால்யூமில் கேட்கிறது, எதில் கேட்கவில்லை என்று அவர்கள் முன்னாலேயே முடிவாகிவிடும். அந்த இடத்தில் குமிழில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 வரை 55 டெசிபலும் அதன்பின் 45 டெசிபலும் என்று சொல்கின்றன. அந்த எண்ணைச் சட்டம் பேச வைத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கட்டுப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் மதியம் தூங்கும் நேரத்தையும் கேட்டு வைத்துக்கொண்டால் நீங்கள் கேட்காமலேயே ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் அனுமதி கிடைக்க வாய்ப்புண்டு.

கடைசியாக, ஐந்து மாதம் பெட்டியில் இருந்த ஸ்ட்ராட்டின் கம்பிகள் இந்த ஊர் ஈரத்தில் துருப்பிடித்திருக்கும். கடைக்குப் போவதற்கு முன்னால் அதை மாற்றிவிடுங்கள். துருப்பிடித்த கம்பியில் எந்த ஆம்பும் மோசமாகத்தான் ஒலிக்கும், தப்பான ஆம்பைத் தேர்ந்தெடுத்துவிடுவீர்கள். இடைவெளி விட்ட விரலுக்கு இப்போதைக்கு ஒன்பது-நாற்பத்திரண்டு என்ற மெல்லிய கம்பி செட் போதும், பிறகு அதைவிடத் தடித்த பத்து செட்டுக்குப் போகலாம். ஏற்கெனவே பத்து போட்டிருந்தீர்கள் என்றால் மாற்றியபின் பிரிட்ஜைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் டிரெமலோ ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் பிரிட்ஜ் உள்ளே இறங்கி ஆறாவது கம்பி ஃப்ரெட்டில் உரசும். பின்மூடியைத் திறந்தால் இரண்டு ஸ்க்ரூ தெரியும், ஒவ்வொன்றையும் கால் சுற்று மட்டும் தளர்த்தி, மறுபடி ட்யூன் செய்து பாருங்கள்.